விக்டோரியா காலத்துப் பூமொழி: பூச்செண்டில் ரகசியம் பேசினார்களா, இல்லை புத்தகம் விற்றார்களா?

தாழம்பூ
எல்லாருக்கும் வணக்கம். சிறுகதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். களம் லண்டன், 1862 பிப்ரவரி. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன், வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி. கடிதம் போட்டால் அவளுடைய அப்பா பிரித்துப் படித்துவிடுவார். அதனால் வாரத்துக்கு ஒரு பூச்செண்டு அனுப்புகிறான். அவள் கேட் கிரீனவேயின் பூமொழிப் புத்தகத்தை வைத்து ஒவ்வொரு பூவுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கிறாள். சிவப்பு ரோஜா காதல், லாவெண்டர் அவநம்பிக்கை, மஞ்சள் ரோஜா தேய்ந்துபோன காதல். கடைசிச் செண்டில் கோடு போட்ட கார்னேஷன் வருகிறது. அதற்கு அர்த்தம் மறுப்பு. அவள் உடைந்துபோகிறாள்.

இதில் தவறு ஏதும் இருக்கிறதா? அந்தக் காலத்தில் நிஜமாகவே இப்படிப் பேசிக்கொண்டார்களா?

நூலகப்பூச்சி
முதலில் சின்னத் தவறு. கிரீனவே புத்தகம் வெளிவந்தது 1884-இல். உங்கள் நாயகி அதைப் படிக்க இன்னும் 22 வருடம் காத்திருக்க வேண்டும். 1862-இல் அவள் அலமாரியில் இருக்கக்கூடியவை வேறு. ஹென்றி ஃபிலிப்ஸ் 1825-இல் போட்டது ஒன்று, ஃபிரெடெரிக் ஷோபெர்ல் 1834-இல் போட்டது ஒன்று, தாமஸ் மில்லர் 1847-இல் போட்டது ஒன்று. இவற்றுக்கெல்லாம் மூத்தது பாரிஸில் 1819-இல் வந்த பிரெஞ்சுப் புத்தகம். எழுதியவர் பெயர் சார்லோட் டி லாத்தூர் என்று அட்டையில் இருக்கும். அது புனைபெயர். ஆங்கிலத்தில் வந்தவை பெரும்பாலும் அதைப் பார்த்தோ, அதைப் பார்த்து எழுதியதைப் பார்த்தோ எழுதியவைதான்.

பெரிய தவறு இனிமேல்தான். பெவர்லி சீட்டன் என்ற ஆய்வாளர் இந்தப் புத்தக வகையின் வரலாற்றை முழுக்கத் தோண்டி 1995-இல் ஒரு நூல் எழுதினார். அவர் முடிவு: காதலர்கள் இந்த அகராதிகளை வைத்துப் பூவால் செய்தி பரிமாறிக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று இல்லை என்றே சொல்லிவிடலாம். ஓவியம், கவிதை, தங்க விளிம்பு எல்லாம் வைத்து, வசதியான வீட்டுப் பெண்களுக்குப் பரிசாகக் கொடுக்க அச்சடித்த புத்தகங்கள் இவை. வரவேற்பறை மேசையில் கிடக்கும். ஷோபெர்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1820-களில் அக்கர்மன் என்ற பதிப்பாளருக்காக ஆண்டுதோறும் ஒரு பரிசுமலரைத் தொகுத்தவர். அதன் பெயரே 'மறவாதே என்னை' என்ற பூவின் பெயர்தான். தொழில் தெரிந்த ஆள்.

அரைவேக்காடு
போச்சா. காதல் கதையைப் பதிப்பகக் கணக்கு வழக்காக மாத்திட்டீங்களே ஐயா.

நான் கிரீனவே பட்டியலைப் பார்த்திருக்கேன். அதுல உருளைக்கிழங்குக்கு அர்த்தம் தயாள குணம். முட்டைக்கோஸுக்கு லாபம். டர்னிப்புக்கு தர்மம். அன்னாசிக்கு 'நீ குறையே இல்லாதவள்'. லெட்டூஸுக்கு ஈரமில்லாத நெஞ்சு. அதாவது காதலிக்கு அன்னாசி, மாமனாருக்கு லெட்டூஸ். காய்கறிக் கடைக்காரர் ஒருத்தரே ஒரு குடும்பத்தைச் சேர்த்து வைக்கலாம், பிரிச்சும் வைக்கலாம்.

தாழம்பூ
சிரிச்சாச்சு. ஆனா ஐயா, இது துருக்கியிலிருந்து வந்த பழக்கம்னு எல்லா இடத்திலும் எழுதியிருக்காங்களே? அந்தப்புரப் பெண்கள் பூ அனுப்பிப் பேசிக்கிட்டாங்கன்னு. அதுவும் கட்டுக்கதைதானா?

நூலகப்பூச்சி
பாதி உண்மை. அந்தப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லேடி மேரி வொர்ட்லி மாண்டகு. ஒட்டோமான் அரசவைக்குப் போன பிரிட்டிஷ் தூதரின் மனைவி. அம்மைப் பால் குத்தும் முறையை அங்கே பார்த்துவிட்டு வந்து இங்கிலாந்தில் பரப்பியவரும் இவர்தான். 1718-இல் இஸ்தான்புல்லில் இருந்து தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். நீ கேட்ட துருக்கிக் காதல் கடிதம் ஒன்று கிடைத்தது, அனுப்புகிறேன் என்கிறார். கடிதம் என்றால் தாள் இல்லை, ஒரு சுருக்குப்பை. உள்ளே ஒரு முத்து, ஒரு கிராம்பு, ஒரு பேரிக்காய், இப்படிச் சாமான்கள். விரலில் மை படாமலே சண்டை போடலாம், குறை சொல்லலாம், நலம் விசாரிக்கலாம் என்று வியக்கிறார். இந்தக் கடிதங்கள் அவர் இறந்தபின் 1763-இல் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பரவின.

பேரிக்காய்க்குத் துருக்கியில் 'அர்முத்'. அதோடு சேர்ந்த வரி 'உமுத்' என்று முடியும். உமுத் என்றால் நம்பிக்கை. எனவே பேரிக்காய் அனுப்பினால் 'எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை கொடு'. பேரிக்காய்க்கும் நம்பிக்கைக்கும் வேறு எந்த உறவும் கிடையாது. ஓசை மட்டும்தான். பொருளைப் பார்த்ததும் அதோடு இயைந்து வரும் வரி நினைவுக்கு வர வேண்டும். அது குறியீடே இல்லை, இயைபுத் தொடை விளையாட்டு.

இதைப் படித்த ஐரோப்பியர்கள் ஓசையை விட்டுவிட்டுப் பூவை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். முத்தும் கிராம்பும் பேரிக்காயும் போய், பூ மட்டும் மிஞ்சியது. பூவுக்குள்ளேயே ஏதோ அர்த்தம் உறங்குவதுபோல ஒரு மயக்கம் கிளம்பியது.

அரைவேக்காடு
ஆஹா, இது நமக்குச் சரிப்பட்டு வரும். முருங்கைக்காய் அனுப்பினா 'நெருங்கி வா'. வாழைக்காய் அனுப்பினா 'ஏழை நான், பொறுத்துக்கோ'. துருக்கிக்காரனுக்கு இயைபு, நமக்கு எதுகை. அகராதியே வேணாம்.

மாட்டுத்தாவணி மைந்தன்
நான் மதுரைப் பூ மார்க்கெட்ல மண்டி வச்சிருக்கிற குடும்பம். மத்தியானமா இந்த இழையைப் படிச்சிட்டு அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். ரத்தம் கொதிக்குது.

செண்டுமல்லிக்கு அர்த்தம் 'இழிந்த புத்தி'யாம். சம்பங்கிக்கு 'ஆபத்தான இன்பம்'. எங்க ஊர்ல கல்யாண மாலை பாதிக்கு மேல சம்பங்கிதான் போகும். இதுக்கெல்லாம் மேல துளசிக்கு 'வெறுப்பு'ன்னு போட்டிருக்கான். என்னங்க இது?

இன்னொண்ணு, தாழம்பூ அக்காவுக்கு. நீங்க கதையில குமாஸ்தா பூ அனுப்பினான்னு எழுதுறீங்க. செண்டு கட்டுறது யாரு? கடைக்காரன். அன்னைக்கு வரத்து எதுவோ, விலை எது இறங்கியிருக்கோ, அதுதான் செண்டுக்குள்ள போகும். நான் கேட்ட பூ இல்லையேன்னு கேட்டா, அதே கலர்ல இருக்குங்க, எடுத்துக்கங்கன்னு சொல்லிக் கட்டிக் கொடுத்திருவோம். நாங்களே இப்படின்னா லண்டன் கடைக்காரன் மட்டும் அகராதியைப் பார்த்துக் கட்டியிருப்பானா? காதல் கெட்டுப்போறதுக்கு அப்பா வேணாம், மண்டிக்காரன் போதும்.

இலைச்சாறு
மைந்தன் தம்பி, கொதிக்க வேண்டாம். பட்டியலில் இருப்பது 'பேசில்'. அது நம் துளசி இல்லை, திருநீற்றுப் பச்சிலை. ஜிகர்தண்டாக் கடையில் ஊற வைக்கிற சப்ஜா விதை இந்தச் செடியினுடையதுதான். துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுப்பு ஏன் வந்தது? திருநீற்றுப் பச்சிலையைத் திட்டிக்கொண்டே விதைத்தால்தான் நன்றாக முளைக்கும் என்று ரோமானியர்களிடம் ஒரு நம்பிக்கை. பிளினி என்ற ரோமானிய அறிஞர் எழுதி வைத்திருக்கிறார்.

செண்டுமல்லி விஷயமும் அப்படித்தான். 'ஆப்பிரிக்கச் சாமந்தி' என்று பெயர், இழிந்த புத்தி என்று பட்டம். ஆனால் ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மெக்சிகோவிலிருந்து வந்த செடி. சம்பங்கியும் மெக்சிகோதான். ஊர் பெயரையே தப்பாக வைத்தவர்கள் குணத்தை மட்டும் சரியாகவா சொல்லப் போகிறார்கள்?

அர்த்தங்கள் பிறந்த விதத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தொட்டாற்சிணுங்கிக்குச் சட்டென்று நோகும் மனம். அது நமக்கே புரிகிறது. காசித்தும்பைக்குப் பொறுமையின்மை, ஏனென்றால் முற்றிய காயைத் தொட்டாலே வெடித்து விதையைத் துப்பிவிடும். பான்சிக்கு நினைவு. பிரெஞ்சில் 'பான்சே' என்றால் எண்ணம், பூவின் பெயரும் அதுவே. ஐரோப்பியச் சாமந்தி ஒன்றுக்குத் துயரம். பிரெஞ்சில் அந்தப் பூவின் பெயர் 'சூசி', கவலைக்கும் அதே சொல். பிரெஞ்சில் அது சிலேடை. ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது சிலேடை செத்துப்போய், காரணம் தெரியாத துயரம் மட்டும் அந்தப் பூவின் தலையில் விழுந்தது. துருக்கி இயைபு ஒரு தடவை தொலைந்தது, பிரெஞ்சுச் சிலேடை இன்னொரு தடவை.

சங்கப்பலகை
2,000 ஆண்டுகளுக்கு முன்பே நாம் வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று பூவை வைத்துப் போரையே பேசியவர்கள். இவர்கள் 1819-இல் கண்டுபிடித்தார்களாம்.

நூலகப்பூச்சி
சங்கப்பலகை, அது வேறு கணக்கு. வெட்சி சூடினால் ஆநிரை கவரப் போகிறான் என்று பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்பதற்காகவே சூடினார்கள். இங்கே பேச்சு யாருக்கும் தெரியாமல் பேசுவதைப் பற்றி. திணைக்குத் தனி இழை தொடங்குங்கள், முதல் ஆளாக வருகிறேன்.

தேம்ஸ் தமிழச்சி
நூலகப்பூச்சி ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்னதை வைத்தே உங்களை மறுக்கிறேன். ரகசியம் இல்லாவிட்டால் என்ன, பூவுக்கு அர்த்தம் இருக்கத்தான் செய்தது.

விக்டோரியா ராணி 1840 பிப்ரவரி 10 அன்று கல்யாணம் செய்தபோது தலையில் கிரீடம் வைக்கவில்லை, ஆரஞ்சுப் பூ வளையம்தான். ஆரஞ்சு மரம் ஒரே நேரத்தில் பூவும் காயுமாக நிற்கும், அதனால் பிள்ளைப்பேற்றுக்கு அடையாளம். கணவர் ஆல்பர்ட் அவருக்குப் பொன்னும் பீங்கானும் சேர்த்து ஆரஞ்சுப் பூ நகை செய்து கொடுத்தார். 1846-இல் கொடுத்த தலை வளையத்தில் பூக்களுக்கு நடுவே நாலு சின்னப் பச்சைக் காய். அப்போது அவர்களுக்கு நாலு பிள்ளைகள். இது அகராதி பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய விஷயமா?

அப்புறம் மர்ட்டில் செடி. வைட் தீவில் ஆஸ்போர்ன் அரண்மனைத் தோட்டத்தில் இருக்கிறது. ஆல்பர்ட்டின் பாட்டி கொடுத்த செண்டிலிருந்த ஒரு கிளையை நட்டு வளர்த்ததாம். மூத்த மகள் 1858-இல் கல்யாணம் செய்தபோது செண்டில் மர்ட்டில் இருந்தது. 2011-இல் இளவரசர் வில்லியமைக் கல்யாணம் செய்த கேத்தரின் பிடித்திருந்த செண்டிலும் இருந்தது. நான் அங்கே போனபோது பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, காவலர் பார்க்காத நேரம் ஒரு இலையைக் கிள்ளிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பேத்திக்குக் கல்யாணமோ என்னவோ.

இன்னொன்று பிரிம்ரோஸ். அகராதிகளில் அதற்கு 'இளமையின் தொடக்கம்'. பிரதமராக இருந்த டிஸ்ரேலி 1881 ஏப்ரல் 19 அன்று இறந்தபோது ராணி பிரிம்ரோஸ் வளையம் அனுப்பி, அவருக்குப் பிடித்த பூ என்று குறிப்பு எழுதினார். 'அவருக்கு' என்றால் டிஸ்ரேலிக்கா, ஆல்பர்ட்டுக்கா என்று அது ஒரு தனிப் பட்டிமன்றம். 1883-இல் பிரிம்ரோஸ் லீக் தொடங்கினார்கள். அதன்பின் ஏப்ரல் 19 அன்று சட்டையில் பிரிம்ரோஸ் குத்தியவன் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரன். இளமையாவது தொடக்கமாவது!

நூலகப்பூச்சி
ஒப்புக்கொள்கிறேன். நான் மறுப்பது அகராதியை மட்டும்தான், பூவை இல்லை.

அகராதி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு ஷோபெர்ல் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள். முள்ளும் இலையும் உள்ள ரோஜா மொட்டை நிமிர்த்திக் கொடுத்தால் 'பயப்படுகிறேன், ஆனாலும் நம்புகிறேன்'. அதையே தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தால் 'பயமும் வேண்டாம், நம்பிக்கையும் வேண்டாம்'. முள்ளைக் கிள்ளிவிட்டுக் கொடுத்தால் நம்பிக்கை மட்டும், இலையைக் கிள்ளிவிட்டுக் கொடுத்தால் பயம் மட்டும். தன்மைக்குப் பூவை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், முன்னிலைக்கு வலப்பக்கம்.

அரைவேக்காடு
யாரோட இடப்பக்கம்? கொடுக்கிறவன் இடமா, எதிர்ல நிக்கிறவ இடமா? 'நான் உன்னை'ன்னு சொல்லப் போய் 'நீ என்னை' ஆயிடுமே. கையில பூவோட வர்மக்கலை மாதிரி இல்ல இருக்கு.

செந்தூரம்
தாழம்பூ, கலைப்பக்கம் ஒரு வழி இருக்கிறது. மில்லேயின் ஒஃபீலியா ஓவியம், 1851-52. ஆற்றில் மிதக்கும் அவளைச் சுற்றி இருக்கும் பூக்கள் பலவும் ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட் நாடகத்திலிருந்து வந்தவை. அதே நாடகத்தில் அவளே, ரோஸ்மேரி ஞாபகத்துக்கு, பான்சி நினைவுக்கு என்று சொல்லிப் பூக் கொடுக்கிறாள். அதாவது இந்த லாத்தூருக்கெல்லாம் 200 வருடம் முந்திய வழக்கு. ஆனால் கைக்குப் பக்கத்தில் மிதக்கும் சிவப்பு பாப்பி நாடகத்தில் இல்லை, மில்லே சேர்த்தது. பாப்பி என்றால் உறக்கம், சாவு. அதைப் பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

அந்த ஓவியத்துக்காகக் குளியல் தொட்டித் தண்ணீரில் கிடந்த பெண் எலிசபெத் சிடல். அவர் இறந்தது 1862 பிப்ரவரி 11, லாடனம் அதிகமாகக் குடித்து. லாடனம் என்பது சாராயத்தில் கரைத்த அபின், பாப்பிக்காயின் பால்தான் அதற்கு மூலம். உங்கள் கதையின் அதே மாதம், அதே ஊர். தெரிந்துதான் தேதி வைத்தீர்களா?

தாழம்பூ
இல்லை செந்தூரம். பிப்ரவரின்னா காதலர் தினம் வருமேன்னு வச்சேன். இப்போ கை நடுங்குது.

தேம்ஸ் தமிழச்சி
இன்னும் ஒன்று இருக்கிறது. ஆல்பர்ட் இறந்தது 1861 டிசம்பர் 14. உங்கள் பிப்ரவரியில் நாடே கறுப்பில் இருக்கிறது. வசதியான வீட்டுப் பெண் கறுப்பு கவுனில் உட்கார்ந்திருக்க, வாசலில் வாரா வாரம் சிவப்பு ரோஜா வந்தால் அப்பாவுக்குச் சந்தேகம் வர அகராதி தேவையில்லை.

பிப்ரவரியில் ரோஜாவும் கார்னேஷனும் வேண்டுமென்றால் சூடேற்றிய கண்ணாடி வீட்டில்தான். கண்ணாடி வரியை 1845-இல் எடுத்தபின் அவை பெருகின, ஆனாலும் குமாஸ்தா சம்பளத்துக்குக் கட்டாது. அந்த மாதத்தில் தானாகப் பூப்பது ஸ்னோடிராப்பும் வயலெட்டும். வயலெட் கட்டு தெருவில் விற்பார்கள். மேஹ்யூ 1851-இல் எழுதிய லண்டன் ஏழைகள் பற்றிய நூலில் பூ விற்கும் அக்கா தங்கை வருகிறார்கள், அனாதைகள், 15 வயதும் 11 வயதும். செண்டு கட்டுகிற கை அந்தக் கை. ஷோபெர்லின் தங்க விளிம்புப் புத்தகத்தை அந்தப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்?

மாட்டுத்தாவணி மைந்தன்
அதைத்தான் நானும் சொன்னேன். கட்டுறவனைக் கேட்காம எழுதுறீங்க.

நூலகப்பூச்சி
தாழம்பூ, உங்கள் காதலர்களுக்கு நிஜமாகவே ரகசியம் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் வழி இருந்தது. 1840-லிருந்து ஒரு பென்னிக்கு நாடு முழுக்கக் கடிதம் போகும். ஆனால் அப்பா பிரித்துவிடுவார், சரி. அதற்குத்தான் செய்தித்தாள். டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி இருக்காது, விளம்பரம்தான். அதில் தனிநபர் பத்தி ஒன்று உண்டு. வீட்டில் தடை போட்ட காதலர்கள் எழுத்தை மாற்றிப் போட்டு, சங்கேதத்தில் அங்கே பேசிக்கொண்டார்கள். இதற்குச் சான்று உண்டு, அச்சிலேயே கிடக்கிறது.

அதை உடைத்துப் படிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார்கள் வீட்ஸ்டன், பிளேஃபேர் என்ற இரண்டு அறிவியலாளர்கள். ஆக்ஸ்ஃபோர்டு மாணவன் ஒருவன் தன் காதலியை ஓடிப்போகலாம் என்று சங்கேதத்தில் கூப்பிட்டிருந்தான். வீட்ஸ்டன் அதே சங்கேதத்தில், வேண்டாம் அம்மா, அவசரப்படாதே என்று தானே ஒரு விளம்பரம் கொடுத்துவிட்டார். அடுத்து வந்தது அந்தப் பெண்ணின் கடைசி விளம்பரம்: அன்புள்ள சார்லி, இனி எழுதாதே, நம் சங்கேதம் வெளியே தெரிந்துவிட்டது.

செந்தூரம்
அடடா. அகராதியில் இருக்கிற ஆயிரம் பூவையும் கொட்டினாலும் இந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

ஆனால் யாருக்கும் புரியாத பூ ஒன்றும் அந்தக் காலத்தில் இருந்தது. 1892 பிப்ரவரி 20, ஆஸ்கர் வைல்டின் நாடகம் முதல் இரவு. தானும் நண்பர்களும் சட்டையில் பச்சைக் கார்னேஷன் குத்தி வந்தார்கள். சாயம் ஏற்றிய பூ. இதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நண்பர் கேட்டாராம். ஒரு அர்த்தமும் இல்லை, அதை மட்டும் எவனும் ஊகிக்கப் போவதில்லை என்றாராம் வைல்ட். அந்த நண்பர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பு இது. அகராதி எழுதியவர்களை இதைவிடக் கேலி செய்ய முடியாது.

தாழம்பூ
இரண்டு நாள் யோசித்தேன். கதையை மாற்றிவிட்டேன், சொல்கிறேன்.

பூச்செண்டு வருகிறது, ஆனால் வயலெட்டும் ஸ்னோடிராப்பும்தான். கோடு போட்ட கார்னேஷன் போயே போச்சு. ஷோபெர்ல் புத்தகம் இருக்கிறது, ஆனால் அது அவள் கையில் இல்லை, அப்பா கையில். ராத்திரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பூவாகப் பிரித்து, இது இடப்பக்கம் சாய்ந்திருந்ததா வலப்பக்கமா என்று மகளைக் கேட்டுக் குடைகிறார். காலையில் காப்பி மேசையில் டைம்ஸைப் பிரித்து, தனிநபர் பத்தியில் இருக்கும் உளறலை, என்ன கண்றாவி இது என்று எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டு வாசிக்கிறார். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே மனசுக்குள் எழுத்தை மாற்றிக் கேட்டுக்கொள்கிறாள்.

மாட்டுத்தாவணி மைந்தன்
அப்பனையே தபால்காரனா ஆக்கிட்டீங்க! அருமை அக்கா. செண்டு யாரு கட்டுறது?

தாழம்பூ
தெருவில் பூ விற்கும் 11 வயசுப் பெண். அன்றைக்கு எது மிச்சமோ அது.

அரைவேக்காடு
கடைசியில ஓடிப்போறப்ப அப்பாவுக்கு ஒரு டர்னிப் வச்சிட்டுப் போகச் சொல்லுங்க. பிப்ரவரியில தாராளமாக் கிடைக்கும். அர்த்தம் தர்மம். விடிய விடிய உக்காந்து தேடுவாரு.

நூலகப்பூச்சி
டர்னிப் கிரீனவே பட்டியலில் இருப்பது. 1884.